தீப்பெட்டி நீளத்தில் ஓர் எஞ்சின்

டர்னர் மாமா வீட்டு முன்னறைக்குள் யாரும் நிமிர்ந்து போனது கிடையாது. வாசலுக்குக் குறுக்கே, நெஞ்சு உயரத்தில், ஒரு பலகை ஓடும். பலகைமேல் தண்டவாளம். வலது சுவரிலிருந்து கிளம்புகிற பொம்மை ரயில் அந்தப் பலகை வழியாகத்தான் இடது சுவருக்குப் போயாக வேண்டும் என்பதால், மனிதர்கள் குனிந்து போனார்கள். அத்தை டீத் தட்டை ஏந்திக்கொண்டு அதற்கடியில் நுழைந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் மறுபக்கம் நிமிர்வாள். அதைப் பார்த்தால் எனக்குச் சின்ன வயதிலேயே எரிச்சல் வரும். பலகையைக் கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். கழற்றி மாட்டினால் தண்டவாளம் மயிரிழை விலகும், வண்டி கவிழும் என்றார் மாமா. அத்தையின் இடுப்பு விலகினால் பரவாயில்லையா என்றேன். அதற்கு அத்தைதான் சிரித்தாள். மாமாவுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை.

அவர்கள் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். ஒரே அறை, அதில் ஒரு மங்கல் பல்பு. அதனால் என் பரீட்சைப் படிப்பு முழுக்க மாமாவின் மேஜை ஓரத்தில் நடந்தது. எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் நான் வாங்கியது. அதில் பாதி அந்த மேஜை விளக்குக்குச் சேர வேண்டியது. மீதிப் பாதி அத்தையின் தையல் மெஷின் சத்தத்துக்கு. அந்தச் சத்தம் நின்றால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

மேஜைமேல் இருந்தது எங்கள் தெருதான். இப்போதைய தெரு இல்லை. பின்புறம் சரக்கு யார்டு இருந்த காலத்துத் தெரு. எங்கள் வீடு என் கட்டைவிரல் உயரம். கிடங்கு, தண்ணீர்த் தொட்டி, கரிக்குவியல், யார்டு கேட், கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சு எல்லாம் இருந்தன. மாமா இயந்திரப் பட்டறையில் லேத்தில் நின்ற டர்னர்; அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வேலை விட்டு வந்து கைகழுவி, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தார். வீடுகளின் பின்னால் துணிக்கொடிகள் மட்டும் அத்தை போட்டவை. தைத்து விழுந்த துண்டுத் துணியில் அரிசி அளவுக்குச் சட்டைகள், அதைவிடச் சின்னக் கைக்குட்டைகள். யார்டைப் பார்த்த பக்கம் மட்டும் அத்தனையும் லேசாகக் கருத்திருக்கும். காரணம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். காரணம் குட்டை.

குட்டை என்பது யார்டில் சரக்குப் பெட்டிகளை இழுத்துச் சேர்க்கிற சின்ன நீராவி எஞ்சின். ஆறு சக்கரம், கட்டைப் புகைபோக்கி, உடம்புக்குப் பொருந்தாத ஒரு கூவல். ஊர் ஊராகப் போகிற எஞ்சின்களுக்குப் பெயர் இருந்தது, மாலை இருந்தது, நின்று பார்க்க ஆள் இருந்தது. இது காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே யார்டுக்குள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். கூவினால் தெருவில் அத்தனை பெண்களும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடுவார்கள். அது வளைவு திரும்பி வருவதற்குள் கொடியில் கிடக்கிற துணியை உருவியாக வேண்டும். அத்தை அதைத் திட்டாத நாளில்லை. பிறகு யார்டை மூடினார்கள். குட்டையை எங்கேயோ வெட்டி எடைக்குப் போட்டார்கள். இப்போது அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன.

மேஜைமேல் எல்லாம் இருந்தது, குட்டை மட்டும் இல்லை. அதன் இடத்தில் கறுப்புப் பூசிய ஒரு மரக்கட்டை. அதை மாமா விரலால் தள்ளுவார்.

லேத்துக்காரர், நீங்களே ஒன்று செய்துகொண்டால் என்ன என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். செய்து பார்த்தார். உடம்பு வந்தது. தீப்பெட்டி நீளம்தான் மொத்த எஞ்சினே. அதற்குள் மோட்டாரும் பல்சக்கரமும் அடங்கி, நத்தை வேகத்தில் திக்காமல் போக வேண்டும். அவர் செய்தது ஒரு சாண் போகும், நிற்கும், தட்டினால் துள்ளும். அதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, பொம்மை ரயில் கம்பெனி குட்டையைச் செய்யட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்.

காத்திருந்தவர் அவர் மட்டும் இல்லை. இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். முக்குக் கடையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிற வாட்ச்காரர். ரிட்டயர் ஆகியும் ஆளைப் பார்த்தால் உள்ளே தள்ளிப் போகச் சொல்கிற கண்டக்டர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ஒரு அக்கா; அவளை எல்லோரும் எக்ஸ்ரே என்றே கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நால்வரும் பலகைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விடுவார்கள்.

பொம்மை ரயில் செய்கிற அந்தக் கம்பெனி வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள், இந்த வருஷம் என்னென்ன புது எஞ்சின் வருகிறது என்று அறிவிக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் வேறு பேச்சே இருக்காது. அறிவிப்பில் எப்போதும் இரண்டு பட்டியல். முதலில் பெரிய அளவு ரயில்கள், அப்புறம் மாமா மேஜையில் ஓடுகிற சின்ன அளவு. பெரிய அளவுக்காரர்களுக்கு நாலு பக்கம் வரும். நம்மவர்களுக்கு அரைப்பக்கம், அதிலும் போன வருஷ எஞ்சினே வேறு பெயின்ட்டில். நால்வருக்கும் இதில் ஒரு வைராக்கியம் இருந்தது. பெரிய பட்டியலை அவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். கண்டக்டர் அந்தப் பக்கங்களை அடுத்த வீட்டுக் கல்யாண ஆல்பம் மாதிரிச் சரசரவென்று தள்ளிவிட்டு, நேராகச் சின்ன அளவுக்கு வந்துதான் வாசிக்கத் தொடங்குவார்.

வாசித்தால் எல்லாம் எக்ஸ்பிரஸ் எஞ்சின். பெயர் வைத்த எஞ்சின், பித்தளைப் பட்டை போட்ட எஞ்சின்.

"எவன் மாலை போட்டுக்கிட்டு நின்னானோ அவனையேதான் திரும்பத் திரும்பச் செய்யறாங்க," என்றாள் எக்ஸ்ரே ஒரு வருஷம். "மூட்டை தூக்கினவனுக்கு மாடல் கிடையாது."

மாமா மரக்கட்டையைக் கிடங்குக்குள் தள்ளி வைத்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் வாட்ச்காரர். எல்லா வருஷமும் அவர் சொல்கிறதுதான் அது. அத்தை பிஸ்கட் தட்டோடு குனிந்து வந்தாள்.

*

அப்புறம் மாமாவுக்குக் கண் போக ஆரம்பித்தது.

முதலில் அவருக்கே தெரியவில்லை. துணிக்கொடி ஒன்று அறுந்து கிடந்தது. அத்தை சொல்லித்தான் பார்த்தார். பிறகு ஊசியில் நூல் கோக்க அத்தை கேட்டபோது, வழக்கமாக ஒரே போக்கில் கோத்துக் கொடுக்கிற மனிதர், நூலை ஊசிக்குப் பக்கத்தில் காற்றில் குத்திக்கொண்டே இருந்தார். அத்தை ஊசியை வாங்கிக்கொண்டாள். கண் டாக்டர், நடுப்பார்வையில் புகை மாதிரிப் படிகிறது, வேகத்தைக் குறைக்கலாம், போனதைக் கொண்டுவர முடியாது என்றாராம். ஓரப்பார்வை இருக்கும். அதனால் மாமா எதையாவது பார்க்க வேண்டுமானால் அதைப் பார்க்காமல் பக்கத்தில் பார்க்கப் பழகினார். நம்மோடு பேசும்போது நம் தோளுக்குப் பின்னால் நிற்கிற யாரோடோ பேசுகிற மாதிரி இருக்கும்.

மேஜை அவருக்கு மங்கிக்கொண்டே வந்தது. வீடுகள் இருக்கின்றன என்று தெரியும், ஜன்னல் தெரியாது. ரயில் போகிறது என்று சத்தத்தில் தெரியும். ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"குட்டை வந்தா போதும்மா. ஒரு தடவை அது அந்த வளைவுல திரும்பறதைப் பாத்துட்டேன்னா, அப்புறம் இருட்டினா இருட்டட்டும்."

அவர்கள் பையன் வேறு ஊரில் பாங்கில் இருந்தான். வந்தவன், அப்பா பலகையில் நெற்றியை இடித்துக்கொண்டதைப் பார்த்தான். நெற்றி வீங்கியிருந்தது. மேஜையைப் பிரித்துப் போட்டுவிட்டு அங்கே ஒரு கட்டிலும் நாற்காலியும் போட வேண்டும், பாத்ரூம் பக்கம் அதுதான் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. சொன்ன விதம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரியாத கண்ணுக்கு எதுக்கும்மா பொம்மை?" என்று கேட்டான், அப்பா பக்கத்து அறையில் இருக்கும்போதே.

அத்தை தையலை நிறுத்தவில்லை. "உன் சின்ன வயசுச் சட்டை பரண்ல இருக்கு. உனக்கும்தான் இப்ப அது ஆகாது. தூக்கியா போட்டேன்?"

அவன் சிரித்து மழுப்பினான். ஆனாலும் அடுத்த லீவுக்கு வரும்போது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து பிரித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அத்தையும் மாட்டேன் என்று சொல்லவில்லை. இடித்துக்கொள்கிறவரை அவள்தானே பார்க்க வேண்டும்.

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் குட்டை அறிவிப்பில் வந்தது.

அறிவிப்பு நாளில் நான் ஊரில் இல்லை. புது வேலையில் சேர்ந்திருந்தேன். நடந்ததை எக்ஸ்ரே பிற்பாடு சொன்னாள். வழக்கம்போல் கண்டக்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளினார். முதல் படமே குட்டை. கட்டைப் புகைபோக்கி, பக்கவாட்டுத் தண்ணீர்த் தொட்டி, ஏறுகிற படி. அதே ரகம் பல ஊர் யார்டுகளில் உழைத்ததுதான். ஆனால் அங்கே இருந்த ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை. நம்ம குட்டை என்றார்கள். வாட்ச்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அத்தைகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்து, "மூஞ்சியைப் பாரு, செய்யறதெல்லாம் செஞ்சிட்டு," என்றாளாம்.

கண்டக்டர் விவரத்தை வாசித்தார். மோட்டார் இப்படி, சக்கரம் இப்படி, உள்ளேயே ஸ்பீக்கர் உண்டு, நிஜக் கூவல் வரும். அங்கேயாவது யோசித்திருக்க வேண்டும். தீப்பெட்டி நீள எஞ்சினுக்குள் மோட்டாரே மூச்சு முட்டிக்கொண்டு கிடக்கும்; ஸ்பீக்கர் எங்கே போய் உட்காரும்? காலம் எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள் என்றார் வாட்ச்காரர். போன தடவை யோசித்துக்கொண்டிருந்ததில் ஒரு வேகன் கைநழுவிப் போயிருந்தது. அதனால் எக்ஸ்ரே அந்த இடத்திலேயே பதிவு செய்துவிட்டாள்.

அந்த வருஷம் கம்பெனி பக்கத்தை மாற்றியிருந்தது. இரண்டு பட்டியலும் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நீளமாக ஓடின. இத்தனை காலமும் பெரிய பட்டியலை ஏறெடுத்துப் பார்க்காதவர்களுக்கு, அதன் முகமே தெரிந்திருக்கவில்லை. தங்கள் கண்ணில் படுவதெல்லாம் தங்கள் பட்டியல் என்றே நினைத்தார்கள். அளவு படத்துக்குக் கீழே சின்னதாக எழுதியிருந்தது. கண்டக்டர் பார்த்திருப்பார் என்று வாட்ச்காரர் நினைத்தார். பணம் கட்டுகிறவள் பார்த்திருப்பாள் என்று கண்டக்டர் நினைத்தார். மாமாவுக்குப் படமே ஒரு கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்தது. அவர் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

அறிவிப்பது ஒரு வருஷம், வருவது அடுத்த வருஷம். மாமா கண்ணில் மருந்தை ஊற்றிக்கொண்டு காத்திருந்தார். பையனிடம் அத்தை போனில், எஞ்சின் வந்து ஓடட்டும், அப்புறம் பிரிச்சுக்கலாம் என்று தவணை வாங்கினாள். மழைக்காலம் போயிற்று, வெயில் வந்தது. மாமா கிடங்கின் கதவை அகலப்படுத்தினார், தடவித் தடவியே. குட்டை உள்ளே போய் நிற்க வேண்டாமா?

*

பெட்டி வாட்ச்காரர் கடைக்குத்தான் வந்தது. கையில் வாங்கியதுமே, வந்திருப்பது பெரிய அளவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கைக்கடிகாரத்தின் எடையை உள்ளங்கையில் வைத்துச் சொல்கிற ஆள் அவர். பிரிக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு நேராக அத்தையின் சமையலறைக்குப் பின்வாசல் வழியாக வந்தார். சொல்லியனுப்பி மற்ற இருவரும் வந்தார்கள். நான் லீவுக்கு வந்திருந்தேன். அத்தையோடு உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தேன். மாமா முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு மூவரும் துக்க வீடு மாதிரி உட்கார்ந்தார்கள். செங்கல் நீளம் இருந்தது பெட்டி.

திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் கண்டக்டர். இன்னும் தாமதமாகிறது என்று சொல்லி வைக்கலாம், இதில் வந்தவன் சின்னதிலும் ஒரு நாள் வரத்தானே செய்வான். அதற்குள் அவருக்குக் கண் இருக்குமா என்று எக்ஸ்ரே கேட்டாள்.  கண்டக்டர் தன் தலையில் தானே மெதுவாக ஒரு குட்டு வைத்துக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் பொய் சொல்ல நீங்கள் யார் என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"பெரிசா வந்துடுச்சா?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

 அத்தைதான் சொன்னாள். "பெரிசுதாங்க."

"எவ்வளவு பெரிசு?"

"உங்க உள்ளங்கை நீளம் இருக்கும்."

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. அப்புறம், "கொண்டா," என்றார்.

அத்தை பெட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்கு அடியில் குனிந்தாள். நாங்கள் வரிசையாகக் குனிந்தோம். மாமாவே பிரித்தார். எங்கே ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் தேடி, கிழியாமல் எடுத்தார். தண்டவாளத்தின் மேல் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். சக்கரம் இரண்டு பக்கமும் தண்டவாளத்துக்கு வெளியே, கரியில் நின்றது. பக்கத்தில் எங்கள் வீடே அதன் கூரை உயரத்துக்குத்தான் இருந்தது. அகலப்படுத்திய கிடங்குக் கதவு அதன் மூக்குக்குக்கூடப் போதாது.

"சரியாப் போச்சு," என்றார் மாமா. "யார்டுக்குள்ள யானை."

கண்டக்டர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். எஞ்சினை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய், முகத்தைத் திருப்பித் தோளுக்குமேல் பார்ப்பது போல் ஓரக்கண்ணில் பிடித்தார். அப்படியே நின்றார். விரல்தான் மெல்ல நகர்ந்தது.

"படி தெரியுது," என்றார். பிறகு, "கைப்பிடி தெரியுது. ஜன்னல்... ஏய், ஜன்னலுக்குள்ள நெம்புகோல் கூட வெச்சிருக்கான்."

எக்ஸ்ரே சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெரிய அளவுக்காரரிடமிருந்து தண்டவாளம் இரவல் வாங்கி வந்தாள். வாங்கும்போது அந்த மனிதர் சிரித்தாராம், கடைசியில் நம்ம பக்கம்தான் வந்தீங்களா என்று. அதைச் சொல்லும்போதும் அவளுக்கு மூக்கு சிவந்தது. மேஜையில் இடமில்லை. அத்தை துணி வெட்டுகிற பலகையைச் சுவரோரம் நீளவாக்கில் போட்டு, அதன்மேல் நேராக ஒரே ஒரு தண்டவாளம். வளைவு கிடையாது. போகலாம், வரலாம். குட்டை வாழ்நாளெல்லாம் செய்த வேலையும் அதுதானே என்றார் வாட்ச்காரர்.

அத்தை அங்கே இல்லை. டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கண்டக்டர் கரண்ட் கொடுத்தார். குட்டை நத்தை மாதிரி நகர்ந்தது. திக்கவில்லை. துள்ளவில்லை. பாதி தூரம் போனதும் வாட்ச்காரர் இன்னொரு பட்டனை அழுத்தினார். கூவியது.

அந்தக் கூவல் எனக்குத் தெரியாது. நான் பிறப்பதற்குள் யார்டை மூடிவிட்டார்கள். ஆனால் சமையலறையில் ஒரு பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. பின்கதவு திறந்து சுவரில் அடித்தது. என்னவோ ஏதோ என்று ஓடினேன். அத்தை கொல்லையில் கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். ஈரச் சேலை, மாமாவின் சட்டை, தலையணை உறை, எல்லாவற்றையும் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் கார்கள் நிற்கிற இடத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். பிறகுதான் நின்றாள். என்னைப் பார்த்தாள். தோளில் கிடந்த துணிகளைப் பார்த்தாள்.

"சீ," என்றாள்.

அதே ஈரத்துணி மூட்டையோடு பலகைக்கு அடியில் குனிந்து முன்னறைக்குள் போனாள். அங்கே நால்வருக்கும் விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கண்டக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா சிரித்ததில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மருந்தா வேறா தெரியவில்லை.

அத்தை துணியை நாற்காலியில் எறிந்துவிட்டுக் குட்டையைக் குனிந்து பார்த்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். பளபளவென்று கறுப்பு, சிவப்புக் கோடு, பொன்னிற எண்.

"இது அது இல்லை," என்றாள். "அது என்னைக்கு இவ்வளவு சுத்தமா இருந்துச்சு?"

வாணலியைக் கொண்டுவந்தாள். அதன் அடியில் விரலைத் தேய்த்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்ததும் வாட்ச்காரர் பதறி எழுந்தார். புதுசு, பெயின்ட் போய்விடும், பெட்டியோடு வைத்தால் விலையே வேறு என்றெல்லாம் சொன்னார். பெட்டியிலிருந்து எடுக்கும்போது கையுறை போடுகிற ஆள் அவர்.

"அத்தனை வருஷம் என் துணியில அது பூசிச்சு, அண்ணே. இப்ப என் முறை."

தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் முழு விரலால் ஒரு இழுப்பு. புகைபோக்கியைச் சுற்றி ஒன்று. பொன்னிற எண்ணின் மேல் லேசாக. மாமா தடுக்கவில்லை. தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார், அவளையா எஞ்சினையா என்று சொல்ல முடியாது.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது. படிக்குக் கீழே விட்டுட்டே. அங்கதான் ஜாஸ்தி இருக்கும்."

அங்கேயும் பூசினாள். பிறகு நிமிர்ந்து, மேஜையைப் பார்த்து, பையன் வந்தால் இதில் எந்தப் பக்கமும் கை வைக்கக் கூடாது, வாசல் பலகையை மட்டும் வெட்டிவிடச் சொல்ல வேண்டும் என்றாள். ரயில் சுற்றிப் போக முடியாதே என்றார் மாமா. போய்விட்டுத் திரும்பி வரட்டும், நீங்கள் இடித்துக்கொண்டதும் நான் குனிந்ததும் போதும் என்றாள்.  இந்த ஒரு பதிலுக்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

டீ ஆறிப்போயிருந்தது. அதையே குடித்தோம். கண்டக்டர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரிசில் வந்த ரகம் ஒன்றிரண்டு வருஷத்தில் சின்னதிலும் வருவது உண்டு. அடுத்த அறிவிப்பில் வந்தாலும் வரலாம். இந்தத் தடவை அளவைத் தானே மூன்று தடவை பார்ப்பதாகச் சொன்னார்.

மாமா மேஜைப் பக்கம் கையை நீட்டி, தடவி, மரக்கட்டையை எடுத்துக் கிடங்குக் கதவுக்கு நேராக வைத்தார்.

"வரட்டும்," என்றார்.

அத்தை வாணலியை எடுத்துக்கொண்டு, கடைசித் தடவைகளில் ஒன்றாகப் பலகைக்கு அடியில் குனிந்தாள். மறுபக்கம் நிமிர்ந்து சொன்னாள்:

"அதுக்கும் கரி இருக்கு."